வாசகர் கேள்வி – பதில்: தப்புச் செய்பவன் பக்கம் நாம் ஏன் நிற்கிறோம்?

கறை படிந்த கதாநாயகர்களைப் பற்றி வந்த கடிதங்களுக்கு மட்டும் இந்த முறை பதில் எழுதியிருக்கிறோம். கதை எழுதுகிறவர்களும் கேட்டிருக்கிறார்கள், வாசிக்கிறவர்களும் கேட்டிருக்கிறார்கள்.

பஸ்ஸில் கண்டக்டர் இரண்டு ரூபாய் கூடுதலாகச் சில்லறை கொடுத்துவிட்டால்கூடத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். ஆனால் கதையில் வங்கியைக் கொள்ளையடிப்பவன் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. என் மனசாட்சிக்கு என்ன ஆயிற்று?
– வாசகர், ஈரோடு

உங்கள் மனசாட்சிக்கு ஒன்றும் ஆகவில்லை. கதாசிரியர் உங்களை எங்கே நிறுத்திவைத்திருக்கிறார் என்று பாருங்கள், விடை அங்கே இருக்கிறது.

1960-ல் வந்த ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ படத்தில் ஒரு காட்சி. விடுதி நடத்தும் இளைஞன் நார்மன், குளியலறையில் கொலையுண்டு கிடக்கும் பெண்ணின் உடலை அப்புறப்படுத்துகிறான். தரையைத் துடைக்கிறான், தொட்டியைக் கழுவுகிறான், துணிமணியைப் பெட்டியில் அடைக்கிறான். இதெல்லாம் நிதானமாக, வசனமே இல்லாமல் பல நிமிடம் ஓடுகிறது. கடைசியில் உடலோடு காரைச் சதுப்புக் குட்டைக்குள் தள்ளுகிறான். கார் பாதி முழுகியதும் நின்றுவிடுகிறது. அவன் அக்கம்பக்கம் பார்க்கிறான். பார்க்கும் நமக்கு மூச்சு நின்றுவிடுகிறது. சில நொடி கழித்துக் கார் மீண்டும் இறங்குகிறது, நாமும் மூச்சு விடுகிறோம். இத்தனைக்கும் அதுவரை நாம் பின்தொடர்ந்து வந்தது அந்தப் பெண்ணைத்தான். அவளுக்காகக் கலங்கிய அதே ஆள் இப்போது அவள் உடல் மறைய வேண்டும் என்று காத்திருக்கிறார்.

நடந்தது இவ்வளவுதான்: ஒருவன் ஒரு வேலையைத் தொடங்கி, சிரமப்பட்டு, முடிக்கும் தறுவாயில் தடுமாறுவதை நாம் அவன் தோளருகே நின்று பார்த்தோம். தொடங்கிய வேலை முடிய வேண்டும் என்று நினைப்பது மனிதப் பழக்கம். அந்த வேலை சரியா தப்பா என்ற கேள்வி அதற்குப் பின்னால்தான் வருகிறது. திரைப்படக் கோட்பாட்டாளர் மரே ஸ்மித் 1995-ல் எழுதிய நூலில் இதில் இரண்டைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டினார். ஒரு பாத்திரத்தோடு கூடவே போவது ஒன்று, அந்தப் பாத்திரத்தை மெச்சுவது இன்னொன்று. நீங்கள் கொள்ளைக்காரனோடு கூடப் போகிறீர்கள். அவனை மெச்சுகிறீர்களா என்பதைப் புத்தகத்தை மூடிய பிறகு கேட்டுப்பாருங்கள்.

நம்மிடம் இதற்கு ஒரு தராசு உண்டு. ‘குணம்நாடிக் குற்றமும் நாடி அவற்றுள் மிகைநாடி மிக்க கொளல்’ என்பது 504-ஆம் குறள். வாழ்க்கையில் இரண்டையும் நாடுவது நம் கையில் இருக்கிறது. கதையில் எதை முதலில் காட்டுவது, எதை எவ்வளவு நேரம் காட்டுவது என்பதெல்லாம் எழுதுகிறவர் கையில். தராசைப் பிடித்திருப்பவர் அவர் என்பதை வாசகர் மறந்துவிடக் கூடாது.

ஏலச்சீட்டு நடத்தி ஊரை ஏமாற்றும் ஒருவனைக் கதாநாயகனாக வைத்துத் தொடர்கதை எழுதுகிறேன். முதல் அத்தியாயத்திலேயே பூக்காரம்மாவின் பணத்தைச் சுருட்டுகிறான். ஆனாலும் தாயைத் தெய்வமாக மதிப்பவன், தங்கை மேல் உயிரையே வைத்திருப்பவன் என்றெல்லாம் எழுதியிருக்கிறேன். மூன்று அத்தியாயம் படித்த நண்பர்கள், ‘எரிச்சலா இருக்கு, போலீஸ் எப்பப் பிடிக்கும்?’ என்கிறார்கள். எங்கே தவறு?
– வாசகர், மதுரை

தாய்ப்பாசத்தில் தவறு. ஏமாற்றுகிறவனுக்குத் தாய்ப்பாசத்தால் எந்த நஷ்டமும் இல்லை, அதனால் வாசகர் அதற்கு மதிப்புப் போடுவதில்லை. பிடித்துப்போவதற்கான காரணம் அவன் செய்யும் தொழிலுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

முதலில் அவன் திறமையைக் காட்டுங்கள். ‘சாமர்த்தியசாலி’ என்று எழுதிவிட்டுப் போகாமல், கணக்கைக் காட்டுங்கள். 20 பேர், ஆளுக்கு மாதம் 5,000 ரூபாய், 20 மாதம். ஒரு மாதச் சீட்டு ஒரு லட்சம். முதல் சீட்டை நடத்துகிறவன் எடுத்துக்கொள்வது பல ஊர்களில் வழக்கம், அதில் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் நோட்டில் இருக்கும் 20 பெயரில் 17 பேர்தான் நிஜ ஆட்கள், மூன்று பெயர் அவனுடைய பினாமி. இரண்டாம் மாத ஏலத்தில் பினாமிக்காக வந்த ஆள் 20,000 ரூபாயை விட்டுக்கொடுத்து (இதுதான் ‘தள்ளு’) சீட்டை எடுக்கிறான். அந்த 20,000 எல்லோருக்கும் பிரிவதால், அந்த மாதம் ஆளுக்கு 4,000 கட்டினால் போதும். ஏமாறப்போகிற பதினேழு பேரும் ‘இந்த மாசம் நல்ல தள்ளு’ என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போகிறார்கள். பறிகொடுத்தவர்களே நன்றி சொல்லிவிட்டுப் போகும் அந்த இடத்தில் வாசகர் நிமிர்ந்து உட்கார்வார். ‘அடப்பாவி’ என்று சொல்லிக்கொண்டே அடுத்த பக்கத்தைப் புரட்டுவார். அந்த ‘அடப்பாவி’ உங்கள் கதைக்கு மிகவும் தேவை.

அடுத்தது, அவனுக்கு என்ன வேண்டும்? ‘பணம்’ என்பது பதில் ஆகாது. எவ்வளவு, எதற்கு, எந்தத் தேதிக்குள்? அப்பாவின் சைக்கிள் கடை அடகில் இருக்கிறது, 14-ஆம் தேதிக்குள் 60,000 கட்டாவிட்டால் சாவி கைமாறும் என்று வைத்தால் அவன் ஒவ்வொரு நாளும் என்ன செய்வான் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். வாசகருக்கும் நாட்காட்டியைப் பார்க்கும் பழக்கம் வந்துவிடும்.

உங்கள் கதையை முக்கியமாகக் கெடுத்திருப்பது வரிசை. ஆரம்பத்திலேயே ஊரில் எல்லோரிலும் எளியவளை அவன் ஏமாற்றுகிறான். அவனோடு கூடவே நடக்க வாசகர் இன்னும் ஓர் அடிகூட எடுத்துவைக்கவில்லை. அதற்குள் திண்ணையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லும் இடத்தில் அவரை நீங்களே உட்காரவைத்துவிட்டீர்கள். படிக்கட்டை மாற்றிக் கட்டுங்கள். முதல் ஏமாற்று, அவனைவிட வலுவானவனிடம். வாரவட்டிக்கு விட்டு மிரட்டிப் பிடுங்குகிற ஆளிடம் இருக்கட்டும். இரண்டாவது, தனக்குச் சமமான ஒருவனிடம். மூன்றாவதாகத்தான் பூக்காரம்மா. அப்போது வாசகர் ஏற்கெனவே இரண்டு முறை அவனுக்காகக் கைதட்டியிருப்பார், தப்பித்து வெளியே போக வழி இருக்காது. அந்தச் சங்கடம்தான் இந்த வகைக் கதையின் உயிர். தொடர்கதை என்றால் மூன்றாவது படி ஐந்தாம் ஆறாம் வாரத்துக்கு முன்னால் வர வேண்டாம்.

அவன் தாண்டாத கோடு ஒன்று இருக்கட்டும். ‘அவன் குடிக்க மாட்டான்’ என்பது போன்ற கோடு உதவாது. குழந்தைக்கு வைத்தியம் பார்க்க வைத்திருக்கும் காசைத் தொடுவதில்லை என்று வைத்தால், ஒரே ஒரு அத்தியாயத்தில் அந்தக் காசு மட்டும்தான் கையில் கிடைக்கிறது என்று வரவேண்டும். சோதனைக்கு வராத கோட்டை வாசகர் நம்ப மாட்டார்.

பூக்காரம்மாவை ஒரு அத்தியாயத்தோடு கைவிட்டுவிடாதீர்கள். பறிகொடுத்தவர் பெயரோடும் கையோடும் முகத்தோடும் திரும்பத் திரும்ப வரவேண்டும். இப்படி எழுதிப் பாருங்கள்:

‘பூக்காரம்மா எண்ணி வைத்தாள். எல்லாம் பத்து ரூபாய்த் தாள். ஒவ்வொன்றும் நமுத்திருந்தது. “நார் ஈரம் தம்பி, காஞ்சிடும்” என்றாள். யார் பணத்தையும் இரண்டு தடவை எண்ணுகிறவன், எண்ணாமல் வாங்கி இழுப்பறையில் போட்டான். ராத்திரி இழுப்பறையைத் திறந்தபோது மல்லிகை மணந்தது.’

இதில் அவன் வருந்தினான் என்று ஒரு சொல்லும் இல்லை. ‘எண்ணாமல்’ என்ற சொல்லே போதுமானது. வருத்தத்தை நீங்கள் எழுதிவிட்டால் வாசகருக்கு வருந்த இடம் இல்லாமல் போய்விடும்.

பள்ளியில் சிலப்பதிகாரம் நடத்தினேன். ‘மனைவியை விட்டுட்டுப் போனவன் செத்ததுக்கு நாம ஏன் சார் அழணும்?’ என்று ஒரு மாணவி கேட்டாள். சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை.
– தமிழாசிரியர், தஞ்சாவூர்

நல்ல மாணவி. இளங்கோவே அந்தக் கேள்வியை எதிர்பார்த்துத்தான் காப்பியத்தைக் கட்டியிருக்கிறார். அவர் செய்திகளை எந்த வரிசையில் அவிழ்க்கிறார் என்று வகுப்பில் காட்டுங்கள்.

அரங்கேற்று காதையில் 1,008 கழஞ்சு பொன் விலை வைத்த மாலையை வாங்கிக்கொண்டு கோவலன் மாதவி வீட்டுக்குப் போகிறான். ‘விடுதல் அறியா விருப்பினன்’ ஆகிவிடுகிறான். புகார்க் காண்டம் முழுக்க அவனைப் பற்றி நமக்குத் தெரிவது பெரும்பாலும் இந்த முகம்தான். காண்டத்தின் கடைசிப் பகுதியில் பொருளைத் தொலைத்துவிட்டுத் திரும்பி வந்து ‘இலம்பாடு நாணுத்தரும் எனக்கு’ என்கிறான். கவனியுங்கள், அப்போதும் அவன் நாணுவது வறுமையை எண்ணித்தான். கண்ணகிக்கு இழைத்த தீங்கைப் பற்றி இன்னும் வாய் திறக்கவில்லை.

அவன் நல்லவன் என்பதற்கான சாட்சியங்களை இளங்கோ மதுரைக் காண்டம் வரை ஒளித்துவைத்திருக்கிறார். அடைக்கலக் காதையில் மாடலன் என்னும் மறையோன் வந்து சொல்கிறான். மதயானையின் பிடியிலிருந்து முதியவர் ஒருவரைக் காப்பாற்றியதால் ‘கருணை மறவன்’. பிள்ளையைப் பாம்பிடமிருந்து காத்த கீரியை அறியாமல் கொன்றுவிட்டுக் கணவனால் கைவிடப்பட்ட பெண்ணுக்கு, தானம் செய்து பாவம் நீக்கிக் கணவனோடு சேர்த்துவைத்ததால் ‘செல்லாச் செல்வன்’. பொய்ச்சாட்சி சொன்னவனைப் பூதம் பிடித்தபோது, அவன் உயிருக்குப் பதில் என் உயிரை எடுத்துக்கொள் என்றதும், பூதம் மறுத்த பிறகு அந்தக் குடும்பத்தைப் பல ஆண்டு தாங்கியதுமாக ‘இல்லோர் செம்மல்’. இவற்றில் ஒன்றையும் கோவலன் தன் வாயால் சொல்லவில்லை. இந்தக் காதைக்கு அடுத்ததே கொலைக்களக் காதை. சாவுக்கு ஒரு காதை முன்னால்தான் நமக்கு அவனுடைய முழுக்கணக்கும் கிடைக்கிறது.

இன்னொன்று, கண்ணகிக்கு இளங்கோ கொடுத்த சொல். மதுரையில் அடைக்கலம் தந்த மாதரி வீட்டில் அவள் காய் அரிந்து விரல் சிவக்கச் சமைக்கிறாள், வாழைக் குருத்தை விரித்து ‘அமுதம் உண்க அடிகள் ஈங்கென’ என்கிறாள். அவன் உண்டு முடித்து வெற்றிலை போடுகிறான். அப்போதுதான் வாய் திறக்கிறான்: ‘இருமுது குரவர் ஏவலும் பிழைத்தேன், சிறுமுதுக் குறைவிக்குச் சிறுமையும் செய்தேன்.’ பெற்றோர் சொல்லையும் மீறினேன், உனக்கும் தீங்கு செய்தேன் என்கிறான். பரவாயில்லை என்று கண்ணகி சொல்லவில்லை. ‘போற்றா ஒழுக்கம் புரிந்தீர்’ என்கிறாள். சான்றோர் போற்றாத நடத்தை நடந்தீர்கள் என்று நேருக்கு நேர் சொல்லிவிட்டுத்தான், உங்கள் சொல்லை மறுக்காத மனம் என்னுடையது, அதனால் எழுந்து வந்தேன் என்கிறாள். தவறு அவன் முகத்துக்கு முன்னால் பெயர் சொல்லப்பட்டுவிட்டது. அதன் பிறகு வாசகர் அந்தக் கணக்கைச் சுமந்துகொண்டிருக்க வேண்டியதில்லை. ஒற்றைச் சிலம்போடு அவன் கடைத்தெருவுக்குப் புறப்படும்போது நாம் கனத்த மனத்தோடு பின்னால் போகிறோம்.

அவன் சாவது செய்த தவற்றுக்காக அல்ல, செய்யாத களவுக்காக. மனைவியைக் கைவிட்டதற்கு அவனைத் தண்டித்திருந்தால் ‘வேண்டியதுதான்’ என்று எழுந்து போயிருப்போம். உங்கள் மாணவியிடம் இதைச் சொல்லுங்கள்: அவன் செய்ததை மறக்கச் சொல்லி இளங்கோ உன்னிடம் எங்குமே கேட்கவில்லை. மறக்காமலேயே அழ முடியும் என்று காட்டியிருக்கிறார்.

நெகட்டிவ் ஹீரோ, வில்லன், இரண்டும் ஒன்றுதானே?
– வாசகர், வேலூர்

இல்லை. ஒரே செயலை இரண்டு பேர் செய்யலாம். யாருடைய வீட்டுக்குள் கதை நம்மைக் கூட்டிப்போகிறதோ அவர் நாயகர். வில்லன் தூங்குவதையும், பல் வலியால் தவிப்பதையும், தனியாக இருக்கும்போது என்ன செய்கிறான் என்பதையும் நாம் பெரும்பாலும் பார்ப்பதில்லை.

கதாநாயகன் கெட்டவனாக இருந்தால் சின்ன வயதில் அவன் பட்ட கொடுமைக்கு ஒரு ஃப்ளாஷ்பேக் வைத்தே ஆகவேண்டும் என்கிறார் எனக்குத் திரைக்கதை சொல்லிக்கொடுப்பவர். கட்டாயமா?
– வாசகி, சென்னை

கட்டாயமில்லை. பெட்ரீஷியா ஹைஸ்மித் 1955-ல் எழுதிய நாவலில் டாம் ரிப்ளி நண்பனைக் கொல்கிறான், அவன் பெயரிலேயே அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு வாழ்கிறான். தன்னை வளர்த்த அத்தையின் கடுஞ்சொல் அவன் நினைவில் அவ்வப்போது வந்துபோகிறது, அவ்வளவுதான். அதை யாரும் ஜாமீன் மனுவாக நீட்டுவதில்லை. நாம் அவனை விட்டு விலகாமல் இருப்பதற்குக் காரணம், அவனுடைய அடுத்த பொய் பலிக்குமா என்ற கவலை.

ஃப்ளாஷ்பேக்கில் மூன்று சங்கடம் இருக்கிறது. கதை நின்றுவிடுகிறது. ‘இதனால் இவன் இப்படி ஆனான்’ என்று விடையைக் கொடுத்துவிடுவதால் அவனைப் பற்றி யோசிக்க ஒன்றும் மிஞ்சுவதில்லை. மூன்றாவது எங்களுக்கு வருத்தம் தருவது: அதே கொடுமையைப் பட்டும் ஒழுங்காக வாழ்கிற லட்சக்கணக்கானவர்களை அது மறந்துவிடுகிறது. வைத்தே தீரவேண்டும் என்றால், ஐந்து நிமிடக் காட்சிக்குப் பதில் ஒரு பழக்கமாகக் கொடுங்கள். சாப்பிடும்போது தட்டை இடக்கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டே சாப்பிடுகிறான் என்று காட்டினால், சிறுவயதில் பசியோடு இருந்தவன் என்று பார்ப்பவருக்குத் தானாகப் புரியும்.

பத்தாம் வகுப்புப் படிக்கும் மகன், சினிமா தாதா ஒருவனின் படத்தை வாட்ஸ்அப் முகப்பில் வைத்திருக்கிறான். அவன் பேசுவதுபோலவே பேசுகிறான். தடுக்கலாமா?
– வாசகி, திருச்சி

படத்தை எடு என்று சொன்னால் எடுத்துவிடுவான், உங்களிடம் பேசுவதையும் நிறுத்திவிடுவான். அந்த தாதா வரும் சினிமாவை அவனோடு உட்கார்ந்து ஒருமுறை பாருங்கள். பாதியில் நிறுத்திக் கேள்வி கேட்காதீர்கள். முடிந்த பிறகு, அடிபட்டவர்களில் ஒருவருடைய பெயராவது ஞாபகம் இருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் இருக்காது, ஏனென்றால் படம் அவர்களுக்குப் பெயரே வைத்திருக்காது. அவனே யோசிக்கத் தொடங்குவான்.

உளவியலாளர் ஆல்பர்ட் பந்துரா, மனிதர்கள் தவறு செய்துவிட்டு மனசாட்சியைத் தூங்கவைக்கும் வழிகளை எட்டாக வகுத்தார். அவற்றில் சில சினிமாவில் அப்படியே வரும். கொலைக்கு ‘முடிச்சிட்டேன்’, ‘தூக்கிட்டேன்’ என்று மெத்தென்ற பெயர் வைப்பது. ‘அவன் என்ன யோக்கியனா?’ என்று இன்னொருவனின் பெரிய குற்றத்தைப் பக்கத்தில் வைத்துக் காட்டுவது. ‘அண்ணன் சொன்னாரு, செஞ்சேன்’ என்று பொறுப்பைத் தள்ளிவிடுவது. எதிரியை மனிதனாகவே எண்ணாமல் விலங்கின் பெயரால் கூப்பிடுவது. ‘அவனாத் தேடிக்கிட்டது’ என்று பழியை அடிபட்டவன் மேலேயே போடுவது. இந்த ஐந்தையும் மகனுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அடுத்த படத்தில் யார் அதிகம் கண்டுபிடிக்கிறீர்கள் என்று இருவரும் போட்டி வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்குத் தந்திரத்தைக் கண்டுபிடிப்பதில் பெரிய ஆர்வம் இருக்கும்.

ஒன்றை மட்டும் பிரித்துப் பாருங்கள். முடியலங்காரமும் பேச்சும் அந்த வயதுக்கு உரியவை. வகுப்பில் எளிய பையன் ஒருவனை மிரட்டுகிறான், வீட்டில் தங்கையை மட்டமாகப் பேசுகிறான் என்றால் அது சினிமாவைத் தாண்டிய விஷயம். படத்தைக் குறைசொல்லிவிட்டு விட்டுவிடாமல், வகுப்பாசிரியரைப் போய்ப் பாருங்கள்.

‘பிரேக்கிங் பேட்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரைப் பார்த்து முடித்தேன். ஆரம்பத்தில் வால்டர் ஒயிட்டுக்காகப் பரிதாபப்பட்டேன், கடைசியில் வெறுத்தேன். எந்த இடத்தில் மாறினேன் என்று எனக்கே தெரியவில்லை.
– வாசகர், சிங்கப்பூர்

தெரியக் கூடாது என்றுதான் 2008 முதல் 2013 வரை 62 பகுதிகளாக நீட்டி எழுதினார்கள். ஐம்பது வயது வேதியியல் ஆசிரியர், நுரையீரல் புற்றுநோய், பற்றாக்குறைக்குக் கார் கழுவும் இடத்தில் பகுதிநேர வேலை. குடும்பத்துக்காகத்தான் போதைப்பொருள் காய்ச்சுகிறார் என்று நம்பிக் கூடவே போனோம். ஆனால் ஐந்தாவது பகுதியிலேயே பழைய நண்பர் வைத்தியச் செலவுக்கு வழிசெய்வதாகச் சொல்கிறார், வால்டர் மறுத்துவிடுகிறார். அங்கேயே ‘குடும்பத்துக்காக’ என்ற காரணம் செத்துவிட்டது. நாம்தான் ‘மானஸ்தர்’ என்று பெயர் வைத்துக்கொண்டு தொடர்ந்து போனோம். இரண்டாம் பருவத்தில், வாந்தியில் மூச்சுத் திணறும் இளம்பெண் ஒருத்தியைத் திருப்பிப் படுக்கவைத்தாலே பிழைத்துவிடுவாள் என்ற நிலையில், அவர் கட்டிலருகே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். பலருக்கு மாற்றம் அங்கே நடந்திருக்கும். கடைசிப் பகுதியில், எல்லாம் எனக்காகத்தான் செய்தேன் என்று மனைவியிடம் அவரே ஒப்புக்கொள்கிறார்.

நெடுந்தொடர் எழுதுகிறவர்கள் கற்க வேண்டியது அந்த ஐந்தாவது பகுதி. நாயகன் சொல்லும் நியாயத்தைத் தீர்த்துவைக்கும் ஒரு வழியை ஆரம்பத்திலேயே அவன் முன்னால் வைத்துவிட்டு, அவன் மறுப்பதைக் காட்டுங்கள். நியாயம் நிஜமா, சாக்கா என்று அப்போது தெரிந்துவிடும். நம் தொடர்களில் பெரும்பாலும் கடன்காரனும் வில்லனும் எல்லா வழியையும் அடைத்துவிடுகிறார்கள். வேறு வழியே இல்லாதவனுக்குத் தேர்ந்தெடுக்கவும் ஒன்றுமில்லை, அதனால் அவனைப் பற்றி நமக்குத் தெரியவரவும் ஒன்றுமில்லை.

ஆண் தப்புச் செய்தால் ‘கெத்து’, பெண் செய்தால் ‘கெட்டவள்’. கதையிலும் இதுதானா?
– வாசகி, கோயம்புத்தூர்

கதையிலும் இதுதான். இதில் வாசகர்களாகிய நமக்கும் பங்கு இருக்கிறது. ஜெயகாந்தன் 1966-ல் ஆனந்த விகடனில் ‘அக்கினிப் பிரவேசம்’ என்ற சிறுகதையை எழுதினார். மழைநாளில் காரில் ஏறிக் கெடுக்கப்பட்டு வந்த மகளின் தலையில் தாய் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்லி உள்ளே அழைத்துக்கொள்கிறாள். அந்தப் பெண் செய்த குற்றம் என்று சொல்ல அதில் பெரிதாக ஒன்றுமில்லை. அப்படியும் அந்த முடிவை ஏற்க முடியாமல் பெரிய சர்ச்சை கிளம்பியது. தாய் அப்படிச் செய்யாமல் ஊரறியக் கூப்பாடு போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் பிறகு ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலை எழுதினார்.

பிறரால் கெடுக்கப்பட்டவளுக்கே இந்தக் கதி என்றால், தானே விரும்பித் தவறு செய்யும் பெண்ணை நாயகியாக்க எவ்வளவு பேர் துணிவார்கள்? துணிகிறவர்களும் பாதியில் பயந்து, குழந்தைக்காகச் செய்தாள், கணவனின் உயிருக்காகச் செய்தாள் என்று எழுதிவிடுகிறார்கள். ஆணுக்குப் பேராசையைக் காரணமாக வைக்க முடிகிறபோது பெண்ணுக்கும் வைக்கலாம். எழுதும்போது ஒரு சோதனை செய்யுங்கள்: அத்தியாயத்தை முடித்ததும் பெயரையும் ‘அவள்’ என்பதையும் ஆணாக மாற்றிப் படித்துப் பாருங்கள். ஆணுக்குத் தேவைப்படாத மன்னிப்புக் கோரும் வரிகள் துருத்திக்கொண்டு நிற்கும். அவற்றை அடித்துவிட்டுப் பெயரைத் திருப்பிப் போடுங்கள்.

கடைசியில் அவன் சாகவேண்டுமா? மதுரை வாசகர் எழுதுவதுபோல நானும் ஒரு கதை எழுதுகிறேன், முடிவு மட்டும் வரவில்லை.
– வாசகர், யாழ்ப்பாணம்

சாகவேண்டும் என்பது வெளியிலிருந்து வந்த கட்டாயம். ஹாலிவுட்டில் 1934 முதல் கறாராக நடைமுறைக்கு வந்து 1968-ல் கைவிடப்பட்ட தணிக்கை விதிகளின்படி, குற்றவாளி ஜெயிப்பதாகப் படத்தை முடிக்க முடியாது. அதனால் கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரு தோட்டா எங்கிருந்தாவது வந்தே தீரும். அந்தப் பழக்கம் விதி போன பிறகும் நம்மிடம் தங்கிவிட்டது. அந்தத் தோட்டாவில் இருக்கும் குறை, அது யாருக்கும் பணத்தைத் திருப்பித் தருவதில்லை. செத்துப்போனவன் பூக்காரம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டிய வேலையிலிருந்து தப்பித்துவிடுகிறான். அவனை உயிரோடு விட்டு, அதே தெருவில், அவள் கடையைத் தாண்டித் தினமும் நடக்கவைப்பது கடினமான முடிவு. எழுதுகிறவருக்கும் அதுதான் கடினம்.

சாவுதான் பொருத்தம் என்று தோன்றினால் அதைக் கடைசிக்கு வைக்காதீர்கள். 1954-ல் வந்த ‘அந்த நாள்’ படத்தில் சிவாஜி கணேசன் நாட்டைக் காட்டிக்கொடுக்கும் வானொலிப் பொறியாளர். படம் தொடங்கியவுடனே சுடப்பட்டு விழுந்துவிடுகிறார். பாட்டே கிடையாது. பிழைப்பாரா மாட்டாரா என்ற கேள்வி முதல் நிமிடத்திலேயே தீர்ந்துவிடுவதால், மீதிப் படம் முழுக்க அவர் எப்படிப்பட்டவர் என்பதைச் சுற்றியே ஓடுகிறது. ஒவ்வொருவர் சொல்வதிலும் அவர் வேறொரு ஆளாகத் தெரிகிறார்.

உங்கள் நாயகனையும் முதல் பக்கத்திலேயே கிடத்திப் பாருங்கள். பிணத்தைச் சுற்றி நிற்கும் ஐந்து பேரை எழுதுங்கள்: அவனிடம் பணம் இழந்தவர் ஒருவர், அவனால் பிழைத்தவர் ஒருவர், இரண்டுமான ஒருவர், அவனை அறியவே அறியாத ஒரு போலீஸ்காரர், அழாமல் நிற்கும் ஒரு பெண். அந்தப் பெண் ஏன் அழவில்லை என்பதிலிருந்து கதையைத் தொடங்குங்கள்.